மறுபக்கத்தில் பாட்டு இருக்கிறது

பெரியப்பாவின் மூத்த மகன் 1983இல் சவூதிக்கு வேலைக்குப் போனார். கடிதம் எழுத உட்கார்ந்தால் நலம் விசாரிப்பதற்கு மேல் அவருக்குப் பேனா நகராது. அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். விடுப்பில் ஊர் திரும்பும் யாராவது ஒருவருடைய பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவில் அது வந்து சேரும். அன்று சாயங்காலம் பட்டாசலில் எல்லோரும் கூடுவோம். பெரியப்பா நாற்காலியில், பெரியம்மா தூணில் சாய்ந்து, ஆச்சி கால் நீட்டி, சிறுவர்கள் டேப்ரெக்கார்டருக்கு மிக அருகில். மதினி அடுக்களை நிலையைப் பிடித்தபடி நிற்பார்.

அண்ணன் வரிசை தவறாமல் பேசுவார். அப்பாவின் கால்வலி, அம்மாவின் மாத்திரை, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வயலில் கிணற்றுத் தண்ணீர். மதினியிடம் பொதுவாக ஒரு வாக்கியம் சொல்வார்: உடம்பைப் பார்த்துக்கோ. அரை மணி நேரம் முடியும்போது கடைசியாக, "மறுபக்கம் போட வேண்டாம், சும்மா பாட்டு பிடிச்சு வச்சிருக்கேன்" என்பார். பெரியம்மா உடனே எழுந்து, "பாட்டெல்லாம் நமக்கு எதுக்கு, நீயே கேட்டுக்கோ" என்று டேப்ரெக்கார்டரைத் தூக்கி மதினி கையில் கொடுப்பார். பிறகு எங்களையெல்லாம் கோயிலுக்குக் கிளப்புவார். கால் வலிக்கிற பெரியப்பாவுக்கும் அன்று எப்படியோ கடைத்தெருவில் ஒரு வேலை வந்துவிடும். ஆச்சி திண்ணைக்கு நகர்ந்துகொள்வாள். அந்த வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். அதற்குள் நெல் மூட்டைகளும் மதினியும் அந்தப் பாட்டும் இருக்கும்.

மறுபக்கத்தில் பாட்டு மட்டும் இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மதினியிடமே கேட்டேன். "நெசமாவே பாட்டு இருக்கும்பா. மொத ரெண்டு பாட்டு. யாராவது தெரியாமப் போட்டுட்டா பாட்டுதானே கேக்கும். அதுக்குப் பொறவுதான் அவுக பேசுவாக" என்றார். பதில் அனுப்புவதும் அதே கேசட்டில்தான். முதல் பக்கத்தில் வீட்டார் பேசுவோம். மறுபக்கத்தில் அவர் தனியே இருந்து, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, அண்ணன் குரலின் மேலேயே தன் குரலைப் பதிவார். ஒருவர் பேசியது மற்றவர் பேசும்போது அழிந்துகொண்டே போகும். அப்படி ஒரே நாடா மூன்று வருடம் கடல் தாண்டிப் போய்வந்தது.

இதை எழுதலாமா என்று மதினியிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடாத. மத்தபடி எழுதிக்கோ" என்றார். இலக்கணம் படிக்காத அவர் சொன்னது தொல்காப்பியர் சொன்னதுதான். அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவி யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. காதலை இவ்வளவு விரிவாக, உடலின் வாட்டம் வரை பாடிய மரபு, அது யாருடையது என்பதை மட்டும் சொல்ல மறுத்தது. ஊர் பேசத் தொடங்கும்போது அதற்கு அம்பல் என்று ஒரு பெயர், பேச்சு வெளிப்படையாக விரிந்துவிட்டால் அலர் என்று வேறு பெயர். முணுமுணுப்புக்கும் பகிரங்கத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தவர்கள், ஒரு சேதி எந்த இடத்தில் கை மீறுகிறது என்பதைக் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

நெடுநல்வாடை பற்றிய பழைய வழக்கு ஒன்று இந்த இடத்தில் என்னை எப்போதும் நிறுத்திவிடும். வாடைக்காலத்தில் பிரிவால் வாடும் ஒரு பெண், பாசறையில் தூங்காமல் நடக்கும் அவள் கணவன். பாட்டு முழுக்க அகம் போலவே இருக்கிறது. பெயர் எதுவும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக நக்கீரர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒன்றைக் காட்டி, இது அகமாகாது, புறம் என்று தீர்ப்பளித்தார் நச்சினார்க்கினியர். 188 அடியில் ஒரு வேப்பந்தழை. யார் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு போதும்.

இன்று நம் பைகளில் இருக்கும் கருவியைப் புரிந்துகொள்ள இந்த வேம்பைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. 2016 ஏப்ரலில் வாட்ஸப் எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை பூட்டிவிட்டதாக அறிவித்தது. பூட்டு உண்மையானதுதான்; அனுப்பியவரும் பெற்றவரும் தவிர நடுவில் யாரும் வாசிக்க முடியாது. ஆனால் யார் யாருக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு, எவ்வளவு அடிக்கடி என்பவை அந்தப் பூட்டுக்குள் வருவதில்லை. பாட்டு மூடப்பட்டிருக்கிறது, வேல் வெளியே தெரிகிறது. நள்ளிரவு தாண்டி ஒரே எண்ணோடு தினமும் பேசுகிற ஒருவர் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமே இல்லை.

இது புதிதா என்றால் முழுக்கப் புதிதில்லை. கால் அணா அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, உறை இல்லாத சேதியோடு வாழ நம்மவர்கள் பழகியிருக்கிறார்கள். அட்டையின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல செய்தி, ஓரத்தில் கறுப்பு இருந்தால் சாவு. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். தந்தி என்றால் பிரித்துப் பார்க்கும் முன்பே அழுகை எழும். செல்பேசி வந்த புதிதில், உள்வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலத்தில், மிஸ்டு கால் என்று ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஒரு மணி அடித்தால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று, இரண்டு அடித்தால் கூப்பிடு. பேச்சே இல்லாத, முழுக்க வேம்பால் மட்டுமே ஆன ஒரு சேதி அது. வேம்பின் மொழியை நாமும் நன்றாகவே பேசினோம்.

வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். அடுத்த வீட்டுத் தொலைபேசி என்று அர்த்தம். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்வான். நாம் போய் அவர்கள் கூடத்தில் நின்று பேச வேண்டும். நாம் ரிசீவரை எடுத்ததும் அந்த வீட்டு அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாரா குறைப்பாரா என்பதை நான் கவனித்திருக்கிறேன். நமக்குக் கேட்க வேண்டும் என்று குறைப்பார். தனக்குக் கேட்கக் கூடாது என்று அடுக்களைக்குள் போய்விடுவார். பேசுகிறவர் பங்குக்கு, "ம்", "சரி", "அதேதான்", "இல்லல்ல, நேத்து சொன்னது" என்று மட்டும் சொல்லி, கேள்வி முழுவதையும் மறுமுனையே கேட்கும்படி விட்டுவிடுவார். பின்னால் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. கால் பங்கு கட்டணத்துக்காக இரவு பதினொரு மணிக்கு மேல் வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, லைன் மோசம் என்பதால் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் ஊர் பூத்காரர் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து பழைய ரசீதுகளை அடுக்கத் தொடங்குவார். கடன் கேட்டு அழுதவர்கள், மகன் ஓடிப்போனதைச் சொன்னவர்கள், எல்லோருடைய கதையும் அவருக்குத் தெரியும். மறுநாள் காலை எதிரே பார்த்தால் "என்ன, காப்பி ஆச்சா?" என்றுதான் கேட்பார்.

அந்தரங்கம் என்று நாங்கள் அனுபவித்ததில் பெரும்பகுதி சுவரால் ஆனதில்லை. கேட்டவர் கேட்காததுபோல் இருந்ததால் கிடைத்தது. பெரியம்மாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மதினிக்கும் தெரியும், இருவரும் பாட்டு என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள். நடுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது. இப்போது நடுவில் இருக்கும் இயந்திரத்துக்கு முகம் இல்லை, திருப்புவதற்கு.

அந்த வீட்டை நான் பொன்னாக்கிப் பேசக் கூடாது. மதினிக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரம், கழுத்தில் தாலி இருந்ததால் கிடைத்தது. அதே வீட்டில், கல்லூரித் தோழியிடமிருந்து அக்காவுக்கு வந்த இன்லண்ட் கடிதத்தைச் சோற்றுப்பானை ஆவியில் காட்டி ஒட்டுப் பிரித்து, படித்து, மறுபடி பசை தடவி வைத்தார்கள். செய்தவர் அதே பெரியம்மா. எழுதியது உண்மையிலேயே தோழிதானா என்று பார்க்க வேண்டுமாம். கடிதம் நனைந்து காய்ந்ததில் காகிதம் லேசாகச் சுருங்கியிருந்ததை அக்கா கண்டுபிடித்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தோழியின் முகவரிக்கு ஒரே ஒரு கடிதம் போட்டாள்: இனி எழுதாதே. பழைய பாடல்கள் இற்செறிப்பு என்று சொல்வது, வெளியே போகாமல் பெண்ணை வீட்டில் வைப்பதை. அக்காவை யாரும் அறையில் பூட்டவில்லை. அவள் பேச்சை மட்டும் வீட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அக்காக்களின் மகள்கள் இப்போது செல்பேசி வைத்திருக்கிறார்கள். முகம் திருப்பும் வேலையைக் கருவியின் பொத்தான்கள் செய்யும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 2014 நவம்பரில் வாட்ஸப்பில் நீலக் குறி வந்தது நினைவிருக்கும். அதுவரை, "பார்க்கவில்லை" என்பது கௌரவமான ஒரு பொய். கொடுத்த கடனைக் கேட்டவருக்கும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவருக்கும் பதில் சொல்ல அவகாசம் தரும் பொய். நீலக் குறி அந்த அவகாசத்தை எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்தும் வழியைச் சில நாட்களிலேயே கொடுத்தார்கள், ஒரு பண்டமாற்றோடு: உன்னுடையதை மறைத்தால் அடுத்தவருடையதையும் நீ பார்க்க முடியாது. கடைசியாக வந்த நேரத்தை மறைப்பதிலும் அதே பேரம். பெரியம்மா எந்தப் பேரமும் பேசாமல் எங்களைக் கோயிலுக்கு அழைத்துப்போனார்.

இதைவிடப் பெரிய சிக்கல், மறைப்பதே ஒரு சேதியாகிவிடுவது. புது மருமகள் தான் கடைசியாக வந்த நேரத்தை மறைத்தால் "யாருக்குப் பயந்து?" என்ற கேள்வி வரும். மகள் செல்பேசிக்குக் கடவுச்சொல் போட்டால் அந்தக் கடவுச்சொல்லே குற்றச்சாட்டு. அனுப்பியதைத் திரும்ப அழித்தால், அழித்த இடத்தில் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு கல்லறை வாசகம் நிற்கும். என்ன அனுப்பினாள், ஏன் அழித்தாள் என்று நாள் முழுக்க விசாரணை நடக்கும். மதினியின் நாடாவில் அழிந்த இடத்தில் வேறொரு குரல் இருந்தது.

2018இல் நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டில் பலர் கைக்குப் போகும் செல்பேசியில், யாரும் எப்போதும் வாங்கிப் பார்க்கலாம் என்ற நிலையில், இந்தப் பெண்கள் தங்களுக்கென ஓர் இடத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி. செயலிக்குத் தனிப் பூட்டு, உரையாடலையோ படத்தையோ மட்டும் தேர்ந்து அழிப்பது, தடம் விடாத முறையில் தேடுவது, சில விஷயங்களைக் கருவிக்குள் கொண்டுவராமலே தவிர்ப்பது என்று பல உத்திகள். அதைப் படித்தபோது எனக்கு நெல் மூட்டை அறை ஞாபகம் வந்தது. முழுவதையும் அழித்தால் சந்தேகம் வரும் என்று, காட்டக்கூடியதை முன்னால் விட்டுவைத்து ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறவள் வேறு யார்? இரண்டு பாட்டை முன்னால் வைத்தவரின் பேத்திதான். தோழனின் எண்ணைத் தோழி பெயரில் சேமிப்பது, திறக்காமல் மேல்திரையில் ஓடும் இரண்டு வரியிலேயே படித்துவிடுவது, மேசையில் செல்பேசியைக் கவிழ்த்து வைப்பது என்று இவர்கள் கைப்பழக்கங்களை நான் பேருந்திலும் அலுவலகத்திலும் வீட்டிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவற்றைக் கள்ளத்தனம் என்று சொல்கிறவர்கள், முதலில் அவளுக்குக் கதவுள்ள ஓர் அறையைக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

சட்டம் இந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தொலைபேசிப் பேச்சும் ஒருவரது அந்தரங்கத்தில் சேரும் என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குத் தான் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. அப்படித்தான் இருக்க முடியும். சோற்றுப்பானை ஆவிக்கு எந்த நீதிமன்றம் தடை விதிக்கும்? அரசையும் நிறுவனங்களையும் எதிர்த்து நமக்கு இந்தச் சட்டங்கள் வேண்டும், இன்னும் வலுவாக வேண்டும். கணவனும் அம்மாவும் நண்பனும் எனக்கு விட்டுத்தர வேண்டிய இடத்தை அவை அளந்து தராது.

நண்பன் என்று எழுதும்போது என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். நான் பேருந்தில் இருந்தேன். காதில் வைக்காமல், பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டேன். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, நோயின் பெயரையும் சொன்னார். நிறுத்துவதற்குள் பத்து நொடி ஓடியிருக்கும். இரண்டு இருக்கை தள்ளி எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். நான்கு நாளில் செய்தி நண்பரின் மனைவிக்கு மூன்றாம் ஆள் மூலம் போனது. நண்பர் என்னைத் திட்டவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் எனக்கும் இடையே இருந்த பூட்டு உலகத்தின் மிகச் சிறந்த பூட்டுகளில் ஒன்று. அதைத் திறந்து பேருந்து முழுக்க இறைத்தது என் கட்டைவிரல். இப்போதெல்லாம் குரல் செய்தி வந்தால், தனியே போகும்வரை நான் தொடுவதில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை என்பதும் தெரியும்.

பார்க்காமல் விடுவதற்கு மட்டும் இல்லை, பார்க்கும்படி சொல்வதற்கும் நம்மிடம் பழைய வழி இருக்கிறது. சங்கப் பாடல்களின் கீழே சிறைப்புறம் என்று துறைக்குறிப்பு வரும். வேலிக்கு வெளியே தலைவன் வந்து நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். அவனிடம் நேரே சொல்லாமல் தலைவியிடம் சொல்வதுபோல், அவன் காதில் விழட்டும் என்று சொல்கிறாள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் திடீரென்று ஒரு பழைய பாட்டின் முப்பது நொடியைப் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தேடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது, வேலி அப்படியேதான் இருக்கிறது என்று தோன்றும். இருநூறு பேர் பார்த்தாலும் சேதி ஒருவருக்குத்தான் போயிருக்கும். மற்ற நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர் பாட்டு கேட்டார்கள்.

எந்த ஊர் என்று இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. மதினி என்றும் பட்டாசல் என்றும் எழுதியபோதே தெற்குப் பக்கத்து வாசகர்கள் பாதி ஊகித்திருப்பார்கள். அவ்வளவு வேம்பை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொற்களை மாற்றினால் அவர்கள் வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

அண்ணன் 1986இல் அனுப்பிய ஒரு கேசட் மட்டும் திரும்பிப் போகவில்லை. கேசட்டின் மேல் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். ஒன்றை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் பதிய முடியாது. மதினி மறுபக்கத்துக்குரியதை மட்டும் உடைத்து வைத்துவிட்டார். பதிலுக்கு வேறு கேசட் வாங்க வேண்டியதாயிற்று. ஏன் என்று பெரியம்மா கேட்டாரா, தெரியாது.

அண்ணன் இறந்து நான்கு வருடமாகிறது. போன தை மாதம் அவர்கள் மகன் பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தக் கேசட்டைச் செல்பேசிக்கு ஏற்றித் தருகிறேன் என்றான். நாடா இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்குக் கவலை. மதினி கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுல ஏத்துனா இதுலயே இருக்குமா, வேற எங்கயும் போகுமா?" என்று கேட்டார். அவன் பொய் சொல்லாத பையன். தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றான். "அப்ப பாட்டு வரைக்கும் ஏத்து, போதும்" என்றார்.

முதல் பக்கம் முழுவதையும், மறுபக்கத்தில் இரண்டு பாட்டையும் அவன் ஏற்றினான். குடும்பக் குழுவில் போட்டான். இறந்தவரின் குரலை அத்தனை வருடம் கழித்துக் கேட்டு எல்லோரும் அழுதோம். பாட்டையும் கேட்டோம். நிறுத்தும்போது அவன் கை ஒரு நொடி தாமதித்திருக்கிறது. இரண்டாம் பாட்டு முடிந்து, டக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒரு மனிதர் பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறது. அதோடு நின்றுவிடுகிறது.

குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். அந்த மூச்சைப் பற்றி இதுவரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. பாட்டு எந்தப் படம் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.